தடித்த மரத்தையும் வளைக்கலாம். அவசரம் மட்டும் ஆகாது

பென்சில் பருமனுள்ள தண்டில் கம்பியைச் சுற்றி விரும்பிய பக்கம் திருப்புவது போன்சாய் வளர்ப்போருக்கு எளிது. அதே தண்டு மணிக்கட்டுப் பருமனாகிவிட்டால் கம்பி மட்டும் போதாது. பல ஆண்டு பாடுபட்டு வளர்த்த மரம் விளக்குக் கம்பம்போல் நேராக நின்றால் என்ன செய்வது?

கிளமெண்டியிலிருந்து ஜூரோங் பக்கம் எம்ஆர்டியில் சென்றால் இரண்டாவது நிலையம் சீனத் தோட்டம். 1975ல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில், 1992ல் சூச்சோ பாணியில் தொட்டி மரங்களுக்கென்றே தனித் தோட்டம் அமைந்தது. அங்கு நெளிந்து நின்ற அடிமரங்களைப் பார்த்துவிட்டு வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் அதுபோல் முயன்று, மரத்தை முறித்துக்கொள்வது எளிது. அதைத் தவிர்க்கச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் வளைய மறுக்கிறது?

தண்டு வளையும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. பருமன் இரு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகிறது. மூன்று மடங்கானால் 81 மடங்கு. கைப்பலம் தோற்பது இதனால்தான்.

வீட்டிலேயே செய்யும் கருவி

ஓரடி நீள இரும்புப் பட்டையின் இரு முனைகளிலும் கொக்கி. நடுவில் துளையிட்டு, மறை பொருத்தி, நீண்ட திருகாணி. கொக்கிகள் தண்டை இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்ள, திருகாணி நடுவில் தள்ளும். திருகத் திருக வளைவு கூடும். மரத்தைப் பட்டையின் நீளவாக்கில் கட்டி நெம்ப இரும்புக் கம்பி, நுனியை அடியோடு இழுத்துக் கட்ட டர்ன்பக்கிள் ஆகியவையும் உதவும். இரும்பு படும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைக்க வேண்டும். பட்டை நசுங்கினால் அதற்கடியில் உள்ள உயிர்த்திசுவும் சாகும்.

வளைக்கும் பகுதி முழுவதும் ஈரச் சணல் நாரை இறுக்கமாகச் சுற்றுவது நல்லது. வெளிப்பக்கம் பிளக்காமல் அது தாங்கும். முதல் நாள் தண்ணீரைக் குறைத்தால் தண்டு சற்றுத் தளரும். மரத்தைத் தொட்டியோடு கட்டாவிட்டால் வேர் பெயர்ந்துவிடும்.

மிகவும் தடித்த தண்டில், வளைவின் உட்பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பதும் உண்டு. வளையும்போது அந்த வெட்டு மூடிக்கொள்ளும். ஆழம் பாதியைத் தாண்டினால் நீரோட்டம் தடைபட்டு மேற்பகுதி காயலாம்.

வளைவை நிலைநிறுத்துவது எது?

கருவி தண்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வளைந்த நிலையில் மரம் புதிய கட்டையைச் சேர்த்துக்கொண்ட பிறகே வளைவு நிலைக்கிறது. அதனால் நோயுற்ற மரத்தையோ, புதிதாகத் தொட்டி மாற்றிய மரத்தையோ தொடக்கூடாது. ஒரே நாளில் முழு வளைவும் வேண்டாம். சிறிது திருகி, ஓரிரு வாரம் விட்டு, மீண்டும் திருக வேண்டும். "சடக்" என்று மெல்லிய ஒலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. மரம் ஆண்டு முழுவதும் வளர்கிறது. வளைவு விரைவில் பிடிக்கும். கம்பியும் அதே வேகத்தில் பட்டைக்குள் பதியும். வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம். பால் வடியும் அத்தி இன மரங்கள் இதற்கு இணங்கும், காயமும் சீக்கிரம் ஆறும். காகிதப்பூச் செடியின் முற்றிய தண்டு எளிதில் முறியும்.

தாழ்வாரத்தில் வளர்ப்போர் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும் என்பதையும், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி குழந்தைகளின் கண்ணில் படலாம் என்பதையும் மறக்கக்கூடாது. தொட்டித் தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்கும்.

எவ்வளவு முயன்றும் வளையாத மரத்துக்கு என்ன வழி? தென்சீனத்தின் லிங்னான் முறையில் தண்டை வெட்டிவிட்டு, பக்கக் கிளையைப் புதிய தண்டாக வளரவிடுகிறார்கள். திசை மாறிய இடத்தில் வளைவு தானே உருவாகிறது. காலம் கூடுதலாகும், ஆனால் மரம் பிழைக்கும்.