தொட்டியில் தவளையைக் காணோம்

தவளையைக் காசு கொடுத்து வாங்கி யாராவது வளர்ப்பார்களா என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்க்கிறார்கள். ஆசை ஆசையாக வளர்க்கிறார்கள். அறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே ஈர மண்ணும் பாசியும், ஏறி உட்கார இரண்டு கிளைகள், ஒரு கிண்ணம் தண்ணீர், மேலே விளக்கு. இப்படி வளர்ப்பவர்களில் பலர் ஒருநாள் காலையில் திகைத்து நிற்பார்கள். மூடி போட்டபடி இருக்கும், தவளையைக் காணோம். எப்படிப் போனது, எங்கே போயிருக்கும், கிடைத்தால் என்ன செய்வது, கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? டீ ஆறினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தவளையின் தோலிலிருந்து தொடங்க வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் கீழ்ப்புறத்திலும் உள்ள மெல்லிய தோல்தான் அதற்கு வாய். ஈரமான இடத்தில் வயிறு படிய உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். நுரையீரல் இருந்தாலும் தோல் வழியாகவும் அது மூச்சு வாங்குகிறது. ஆனால் உள்ளே விடுகிற தோல் வெளியேயும் விடும். மண்பானையின் உடம்பில் நீர் கசிந்து காற்றில் போவதுபோல, உலர்ந்த அறையில் தவளையின் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். ஹீட்டரோ ஏசியோ ஓடும் அறையில் இன்னும் வேகமாகப் போகும். வீட்டுக்குள் தப்பிய தவளைக்குப் பூனையும் ஒரு ஆபத்துதான். அதைவிடப் பெரிய ஆபத்து காய்ந்த காற்று.

அடுத்து விரல். வளர்ப்புத் தவளைகளில் மிகவும் பேர்போனது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. ஜான் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் 1790இல் வெளியிட்ட நூலில் அதை உலகுக்கு அறிமுகம் செய்தார். உள்ளங்கை நிறைய உட்காரும். 10 சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அது தொட்டிக் கண்ணாடியில் ஏறும்போது வெளியே நின்று விரல் நுனியைப் பாருங்கள். வட்டமான சிறு திண்டு ஒன்று கண்ணாடியில் அமுங்கியிருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் அந்தத் திண்டு முழுக்க அறுகோணச் செல்கள் தெரியும்; செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சிறு வாய்க்கால்கள்; அவற்றில் ஓடும் சளி. திண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே அந்தச் சளி மெல்லிய படலமாகப் பரவுகிறது. இரண்டையும் பிடித்து நிறுத்துவது அந்தப் படலம்தான். விரலை எடுக்க வேண்டுமானால் பின்பக்கத்திலிருந்து உரித்து எடுக்கிறது. மழைக்காலத்தில் நம் ஊர்க் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் மரத்தவளை வேறு குடும்பம் என்றாலும், அதன் விரலிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே வழவழப்பான கண்ணாடி மரத்தவளைக்குச் சுவரே அல்ல, ஏறிப் போகிற பாதை. அதைத் தடுப்பது மூடி ஒன்றுதான்.

அப்படியானால் மூடியிருந்த தொட்டியிலிருந்து எப்படிப் போனது? பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்று. முதலாவது, விளக்கு ஒயருக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ விட்ட ஓட்டை. தவளையின் உடம்பு நன்றாக அமுங்கும். தலை நுழைகிற இடத்தில் மீதி உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். இரண்டாவது, கனமில்லாத மூடி. நடுத்தர அளவுள்ள தவளைகூட நெற்றியால் முட்டி ஓரத்தைத் தூக்கிவிடும். மூன்றாவது, நாம் இரை போடும் நேரம். விளக்கு அணைந்து இருட்டத் தொடங்கும்போதுதான் தவளை விழிக்கிறது; பல வீடுகளில் பூச்சி போடுவதும் அந்த நேரத்தில்தான். கதவின் உள்பக்கத்திலோ மேல்மூலையிலோ ஒட்டியிருக்கும் தவளை, கதவைத் திறந்ததும் நம் தோளைத் தாண்டிப் போய்விடும். நாம் கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஏன் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். இரவில் சுற்றுவது அதன் இயல்பு. காட்டில் ஈரமும் இரையும் துணையும் தேடி அலைகிற உயிர் அது. ஆனால் ஒரே தவளை திரும்பத் திரும்ப வெளியேறப் பார்த்தால், மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டால், தொட்டிக்குள் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வெப்பம் அதிகமாக இருக்கலாம், தண்ணீர் கெட்டிருக்கலாம், ஒளிய இடமில்லாமல் இருக்கலாம். தவளையைத் தேடிப் பிடித்ததோடு வேலை முடியாது. இதையும் பார்க்க வேண்டும்.

எல்லாத் தவளையும் ஒரே மாதிரி போவதில்லை. மண்ணில் புதைந்து கிடக்கும் தென்னமெரிக்கப் பேக்மேன் தவளை அநேகமாக இடத்தை விட்டு அசையாது. நச்சு அம்புத் தவளைகளில் சில இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சிறு இடுக்கு போதும். (தொட்டியில் பிறந்து வளர்ந்தவற்றுக்கு நஞ்சு இருக்காது. காட்டில் தின்னும் எறும்பு, உண்ணிகளிலிருந்து வருவது அது.) மீன் தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைதான் மிகவும் பாவம். அது வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே இருப்பது. பில்டர் வைத்த இடைவெளி வழியே துள்ளி வெளியே விழுந்தால் விரைவிலேயே காய்ந்து செத்துவிடும். பச்சை மரத்தவளையோ கைகால்களை ஒடுக்கி, உடம்பைச் சுருக்கி உட்கார்ந்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்குக் கூடுதல் அவகாசம் உண்டு.

இனித் தேடல். முதலில் அறைக் கதவுகளைச் சாத்தி, கதவடி இடைவெளியில் ஈரத் துணியைச் செருகுங்கள். நாய், பூனையை வேறு அறையில் விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தரையைப் பார்க்காமல் காலடி வைக்க வேண்டாம். தரைத் தவளையும் நீர்த் தவளையும் சுவரோரமாகவே போகும். கட்டிலடி, அலமாரிக்குப் பின்புறம், காலணிக்குள், பிரிட்ஜுக்கு அடியில் தேட வேண்டும். மரத்தவளை என்றால் தலையை நிமிர்த்துங்கள்: திரைச்சீலை மடிப்பு, படச்சட்டத்தின் பின்புறம், பூந்தொட்டி இலைகள். குளியலறையை மறக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பச்சைத் தவளை கழிப்பறைத் தொட்டியிலும் மழைநீர்க் குழாயிலும் தானாகவே வந்து குடியிருக்கும். ஈரமும் இருட்டும் சேர்ந்த இடம் அதற்கு வீடு.

பகலில் கிடைக்காவிட்டால் இரவுக்காகக் காத்திருக்கலாம். சுவரோரங்களில் நனைத்த துண்டுகளைப் போட்டு, தட்டையான தட்டில் தண்ணீர் வைத்து, விளக்குகளை அணைத்துவிடுங்கள். தண்ணீர் தேடி அதுவே வரும். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினால் தவளையின் கண் மின்னிக் காட்டிக்கொடுக்கும். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கும் வாக்குவம் கிளீனர் இரைச்சலுக்கும் ஆண் தவளைகள் பதில் குரல் கொடுப்பதுண்டு; அதையும் முயன்று பார்க்கலாம்.

கிடைக்கும்போது அது தவளைபோலவே இருக்காது. தூசும் தலைமுடியும் நூலும் ஒட்டிச் சாம்பல் நிற உருண்டையாக, தொட்டால் ஈரப்பசையே இல்லாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையைச் சோப்பு இல்லாமல் கழுவி, நனைத்துக்கொண்டு எடுங்கள். காய்ந்த கை தோலை இழுத்துக் காயப்படுத்தும். குளோரின் நீக்கிய தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில், வயிறு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மூக்குத் துளை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு இதற்குப் போதும். ஒட்டிய தூசியைப் பிய்க்காமல் முதுகில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது ஊறித் தானே கழலும். பிழைக்கிற தவளையில் முதலில் தெரிவது தொண்டையின் துடிப்பு. பிறகு ஒரு கால் உள்ளே இழுக்கும், கண் திறக்கும், சுருங்கிய தோல் மெல்ல நிரம்பும். வாயைத் திறந்து எதையும் ஊற்ற வேண்டாம். சில நாட்கள் ஈரமான டிஷ்யூ தாள் விரித்த தனிப் பெட்டியில் வைத்துக் கவனியுங்கள்; இரை எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தவளை சமையல் மேடையில் நடந்திருந்தால் மேடையையும், எப்படியானாலும் உங்கள் கையையும் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைகளிலிருந்து பரவிய சால்மோனெல்லா 200க்கும் மேற்பட்டவர்களை நோயாளியாக்கியது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நடப்பது. தவளை வீட்டையும் தாண்டிவிட்டால் விஷயம் பெரிதாகிவிடுகிறது. ஆப்பிரிக்க நகத் தவளையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கக் குளங்களைச் சேர்ந்த அந்தத் தவளைக்கு நாக்கு கிடையாது. பின்னங்கால் விரல்கள் மூன்றில் கரிய நகம் உண்டு. 1930 வாக்கில் லான்ஸ்லட் ஹாக்பென் என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தினால் அதன் பெண் தவளை முட்டையிடுவதைக் கண்டார். சில ஆண்டுகளில் அதுவே கர்ப்பப் பரிசோதனை ஆயிற்று: பெண்ணின் சிறுநீரைத் தவளையின் தோலடியில் செலுத்துவார்கள், அவள் கர்ப்பிணி என்றால் ஒரு நாளுக்குள் தவளை முட்டையிடும். முந்தைய சோதனைகளில் எலியையும் முயலையும் அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தவளையை மறுபடியும் பயன்படுத்த முடிந்தது. அதனால் அது கப்பல் கப்பலாக உலகெங்கும் போனது. 1960களில் புதிய சோதனைகள் வந்ததும் அந்தத் தேவை தீர்ந்தது. ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருந்தவை தப்பியும், கைவிடப்பட்டும் வெளியே போயின. கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி என்று பல இடங்களில் இன்று அது காட்டுயிராகப் பெருகியிருக்கிறது. போர்ச்சுகலில் லிஸ்பனுக்கு அருகே ஓடைகளில் 2006இல் கண்டறிந்து, 2010 முதல் பிடித்து அகற்றத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். குள்ளத் தவளை என்று சொல்லி இதன் குஞ்சை விற்கிற கடைகளும் உண்டு. முன்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை, இல்லாவிட்டால் நகத் தவளை.

தவளையோடு நோயும் போகும். தோலைத் தின்னும் கைட்ரிட் பூஞ்சையை 1999இல்தான் பெயரிட்டு வகைப்படுத்தினார்கள். அது தொற்றிய தவளைக்குத் தோல் வழியே உப்பும் நீரும் போய்வருவது தடைபட்டு, கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்கள் அருகிவிட்டன. அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போனதாகக் கருதப்படுகிறது. நகத் தவளை, தான் நோயில் விழாமலே இதைச் சுமந்து போகக் கூடியது. அதனால் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரைக்கூடத் தோட்டத்திலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. ப்ளீச் கலந்து, நேரம் விட்டு, கழிவறையில் ஊற்ற வேண்டும். வேற்றிடம் போய்ப் பெருகிய தவளைக்கு நம் பக்கத்து உதாரணமும் உண்டு. நாம் வயலில் பார்க்கிற இந்தியப் பெருந்தவளை அந்தமானுக்கு உரியதல்ல. மீன் வளர்ப்புக்குப் போன மீன்குஞ்சுகளோடு கலந்து அங்கே போனதாகக் கருதுகிறார்கள். இன்று அதன் தலைப்பிரட்டைகள் தீவின் சொந்தத் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன.

இவ்வளவுக்கும் மருந்து மூடிதான். பூட்டோ கிளிப்போ உள்ள மூடி, ஓட்டைகளில் ஸ்பான்ஜ், மூக்கைக் கிழிக்காத மெல்லிய வலை, திறக்குமுன் கதவிலும் மேல்மூலையிலும் ஒரு பார்வை, மூடியபின் எத்தனை தவளை என்று ஓர் எண்ணிக்கை. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பேரப்பிள்ளை தவளை வேண்டும் என்று கேட்டால், முதலில் நல்ல தொட்டியையும் பூட்டுள்ள மூடியையும் வாங்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் உரிமம் வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். தவளையை அப்புறம் வாங்கலாம். வளர்க்க முடியாமல் போனால் கடையிடமோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ கொடுங்கள். பாவம் பார்த்து ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.