வீடு வீடாகச் செல்லும் பலகை
ஜப்பானிய ஊர்களில் அண்டை அயலாரின் பொதுப்பணி

ஓர் ஊரின் நலம் எதில் அடங்கியுள்ளது என்று கேட்டால், நல்ல சாலை, குடிநீர், தெருவிளக்கு, மருந்தகம் என்று அடுக்கிச் சொல்லுவோர் பலர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், இவற்றைப் பற்றிய செய்தி ஊரின் கடைசி வீட்டு வாயிற்படி வரை சென்றடையாவிடின், அவ்வீட்டாருக்கு இவை இருந்தும் இல்லாதனவேயாம். தடுப்பூசி போடும் நாளை அறியாத தாய்க்கு மருந்தகம் அண்மையில் இருந்தும் பயன் என்ன? வெள்ளம் வருமுன் எங்கே செல்ல வேண்டும் என்று அறியாத முதியவருக்கு மேட்டு நிலத்தில் கட்டிய மண்டபத்தால் ஆவதென்ன? ஸ்தல ஸ்தாபனத்தின் சேவையும் அதனைப் பற்றிய செய்தியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியா.

இவ்வுண்மையை உணர்ந்து, செய்தியைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பில் பெரும் பங்கை ஊராரிடமே ஒப்படைத்துள்ள நாடு ஜப்பான். அந்நாட்டு ஏற்பாட்டில் போற்றத்தக்கதும் உண்டு; அஞ்சத்தக்கதும் உண்டு. கூட்டுறவை நம்பி வாழும் நெசவாளரும் உழவருமாகிய நமக்கு அவ்விரண்டும் பாடமாவன. ஆதலின் அதனைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பலகையின் பயணம்

ஜப்பானில் நகரங்கள், சிற்றூர்கள், கிராமங்கள் ஆகியவற்றோடு டோக்கியோவின் 23 தனி வட்டங்களையும் சேர்த்து 1,741 அடிப்படை ஸ்தல ஸ்தாபனங்கள் உள்ளன. 1947-ஆம் ஆண்டின் ஸ்தல சுயாட்சிச் சட்டம் இவற்றின் அடித்தளமாகும். இவை தம் ஊராருக்கெனச் செய்தி மடல்களை வெளியிடுகின்றன. குழந்தைகளின் தடுப்பூசி நாள், முதியோர்க்கான உடற்பரிசோதனை, வரி செலுத்தும் கெடு, குப்பை எடுக்கும் கிழமை, நிலநடுக்க ஒத்திகை, நூலகம் திறந்திருக்கும் நேரம் ஆகிய யாவும் அதில் இடம் பெறும்.

மடலை அச்சிடுவது எளிது, சேர்ப்பிப்பதே அரிது. இங்கேதான் ஊரார் வருகின்றனர். ஒவ்வொரு பேட்டையிலும் 'சோநாய்காய்' எனப்படும் அண்டை அயலார் சங்கம் ஒன்று உண்டு. நாடெங்கும் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். ஒவ்வொரு சங்கமும் சில வீடுகள் கொண்ட குழுக்களாகப் பிரிந்திருக்கும். குழுத் தலைமை முறைவைத்து வீட்டுக்கு வீடு மாறும். செல்வர் என்றும் எளியர் என்றும் பாராமல் முறை வந்தவர் அப்பணியை ஏற்பது வழக்கம்.

குழுத் தலைவர், வந்த அறிவிப்புகளைக் கவ்வி பொருத்திய ஓர் அட்டைப் பலகையில் செருகி முதல் வீட்டில் கொடுப்பார். அதற்குக் 'கைரன்பன்' என்று பெயர். சுற்றி வரும் பலகை என்பது பொருள். வீட்டார் அதனைப் படித்து, பட்டியலில் தம் பெயருக்கு நேரே முத்திரையிட்டு, அடுத்த வீட்டிற்குக் கொண்டு சென்று கொடுப்பர். கடைசி வீட்டிலிருந்து பலகை மீண்டும் தலைவரிடம் வந்து சேரும். யார் படித்தார், யாரிடம் தங்கிவிட்டது என்பதை அப்பட்டியலே சொல்லிவிடும்.

சங்கத்தின் வேலை பலகையோடு முடிவதில்லை. பல ஊர்களில் சந்துகளின் விளக்குகளைப் பேணுவதும், ஆண்டுக்கு ஓரிரு முறை சாக்கடையையும் பூங்காவையும் கூடித் துப்புரவு செய்வதும், குப்பை வைக்கும் இடத்தில் காகங்கள் கிளறாதவாறு வலை விரித்துப் பின்னர் அவ்விடத்தைக் கூட்டிப் பெருக்குவதும் சங்கத்தார் கடமை. இதற்கென ஒவ்வொரு வீட்டாரும் சிறு சந்தா செலுத்துகின்றனர்.

தாயும் சேயும், தனியரும் வறியரும்

காகிதத்தில் எழுதி அனுப்ப இயலாத செய்திகளும் உண்டு. அவற்றை மனிதரே மனிதருக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1916-இல் பேரரசர் ஒகயாமா மாகாண ஆளுநரை அம்மாகாணத்து ஏழைகளின் நிலை குறித்து வினவினார். ஆளுநர் ஆராய்ந்து பார்த்தபோது, குடிமக்களில் பத்தில் ஒருவர் கொடிய வறுமையில் வாடுவது தெரிய வந்தது. அதன் பயனாக 1917-இல் அம்மாகாணத்திலும், மறு ஆண்டில் ஒசாக்காவிலும், ஊரிலுள்ள நல்லோரே ஏழை வீடுகளுக்குச் சென்று குறை கேட்டறியும் முறை ஏற்பட்டது. 1948-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று 'மின்செய் இயின்' என வழங்கும் இந்நலத்தொண்டர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். மூன்றாண்டுக்கு ஒரு முறை நியமனம் பெறும் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தனித்து வாழும் முதியவர், கைம்மைத் தாய், நோயுற்றவர் ஆகியோரின் இல்லங்களுக்குச் சென்று, அவர்கட்கு உரிய உதவி எது, யாரிடம் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுவதே இவர்கள் பணி. அறிந்த குடும்ப மறைபொருளைப் பிறர்க்கு உரையாமை இவர்களுக்குச் சட்டம் விதித்த கடமை.

இதனைப் போன்றே பயன் தருவது தாய்–சேய்க் கையேடு. 1942-இல் கருவுற்ற பெண்டிர்க்கு ஒரு கையேடு வழங்கப்பட்டது. பங்கீட்டுப் பொருள்களைச் சற்றுக் கூடுதலாகப் பெறவும் அஃது உதவிற்று. 1948-இல் அது தாய்க்கும் சேய்க்கும் பொதுவாயிற்று. இன்றும் கருவுற்ற செய்தியை ஊர் அலுவலகத்தில் தெரிவித்தவுடன் இக்கையேடு கிடைக்கும். பரிசோதனை, பேறு, குழந்தையின் எடை, தடுப்பூசி யாவும் அதில் ஏறும். மருத்துவர் மாறினும் ஊர் மாறினும் குறிப்பு தாயின் கையிலேயே இருக்கும். இந்தோனேசியா முதலிய நாடுகளும் இதனைப் பின்பற்றித் தமக்கேற்ற கையேடுகளை அமைத்துக்கொண்டன.

எவ்வறையில் யார் உறங்குவர்?

அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதன் மதிப்பை 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் விடியல் உலகிற்குக் காட்டிற்று. காலை 5 மணி 46 நிமிடத்தில் கோபே நகரையும் அவாஜித் தீவையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மாண்டோர் 6,434 பேர். நடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகே இருந்தது அவாஜித் தீவின் ஹொக்குதான் என்னும் சிற்றூர். 2005-இல் அவ்வூர் அவாஜி நகரோடு இணைந்துவிட்டது. அங்கே வீடுகள் சரிந்து ஏறத்தாழ முந்நூறு பேர் இடிபாடுகளில் சிக்கினர். ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையினரும் அண்டை வீட்டாரும் உடனே திரண்டனர். இவ்வீட்டுப் பாட்டி எந்த அறையில் உறங்குவார், அவ்வீட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் வீண் இடங்களைத் தோண்டிக் காலம் கழிக்காமல், நேரே அவ்விடத்தையே அகழ்ந்தனர். ஊரார் 39 பேரை இழந்தனரெனினும், சிக்கியோரைத் தேடும் பணி அன்றைக்கே முடிந்தது.

அவ்வறிவு எந்த அலுவலகக் கோப்பிலும் எழுதப்பட்டதன்று. நாள்தோறும் வாயிலில் நின்று இரண்டொரு சொல் பேசியதனால் விளைந்தது. பலகையைக் கொண்டு செல்பவர் காகிதத்தை மட்டுமா கொடுக்கின்றார்? கதவைத் திறந்தவர் முகத்தையும் பார்த்து வருகின்றார். சென்ற வாரம் கொடுத்த பலகை இன்னும் திண்ணையிலேயே கிடந்தால், உள்ளே இருப்பவருக்கு என்னவாயிற்றோ என்று எட்டிப் பார்க்கின்றார்.

போர்க்காலக் கறை

நிற்க. இதே பலகைக்கு ஓர் இருண்ட வரலாறும் உண்டு. அதனை மறைத்துப் புகழ் மட்டும் பாடுவது முறையன்று.

1940-இல் ஜப்பானிய உள்நாட்டு அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி நாட்டின் எல்லா வீடுகளும் பத்துப் பத்தாகப் பிணைக்கப்பட்டு 'தொனாரிகுமி' என்னும் அண்டைக் குழுக்கள் ஆயின. அரிசிப் பங்கீடு, விமானத் தாக்குதல் ஒத்திகை, போர்க் கடன் பத்திர விற்பனை யாவும் இக்குழுக்கள் வழியே நடந்தன. குழுவை விட்டு விலகினால் பங்கீடு பெறுவதே அரிது. போரை ஐயுற்றுப் பேசுவோர் யார் என்று பக்கத்து வீட்டாரே கண்காணிக்கும் நிலையும் வந்தது. அன்றும் பலகை வீடு வீடாகச் சென்றது. அன்றும் ஒவ்வொருவரும் முத்திரையிட்டனர். ஆனால் அம்முத்திரை ஒப்புதலின் அடையாளமன்று, அச்சத்தின் அடையாளம்.

போர் முடிந்தபின், நேச நாட்டு ஆட்சியினர் 1947-இல் இக்குழுக்களைக் கலைத்தனர். 1952-இல் நாடு மீண்டும் தன்னுரிமை பெற்றதும் தடை நீங்கியது. சங்கங்கள் மறுபடி தழைத்தன. ஆனால் இம்முறை அவை குடிமக்களின் விருப்பத்தால் அமைவன என்பதே சட்டத்தின் கருத்தாயிற்று.

அக்கருத்து சோதனைக்கு வந்தது 2005-ஆம் ஆண்டில். சைத்தாமா மாகாணத்து அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த ஒருவர், அங்குள்ள குடியிருப்போர் சங்கத்திலிருந்து விலக விரும்பினார். சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உறுப்பினர் தாம் விரும்பும்போது விலகலாம், விலகியபின் சங்கச் சந்தா செலுத்த வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பொது விளக்கு முதலியவற்றிற்காக யாவரும் பங்கிட்டுச் செலுத்தும் தொகையை அவர் தொடர்ந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றும் கூறியது.

இத்தீர்ப்பின் நுட்பம் கருதத்தக்கது. சங்கத்தில் சேர்தலும் விலகுதலும் தன் விருப்பம். ஆனால் தான் நுகரும் பொதுப் பயனுக்கு விலை கொடுப்பது தன் கடமை. கூட்டுறவின் முதற் கொள்கை எனத் திறந்த வாயிலையும் மனமுவந்த உறுப்பையும் உலகக் கூட்டுறவாளர் ஓதி வருவது இதனாலன்றோ?

கமிகட்சு காட்டும் வழி

இன்று அச்சங்கங்கள் தளர்ந்து வருகின்றன. 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஜப்பானிய மக்களில் நூற்றுக்கு 29 பேர். குழுத் தலைமை ஏற்கும் முறை வந்தால் தாங்க இயலாதென்று விலகும் முதியோர் உளர். வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் இளையோர்க்கோ நேரமில்லை. விலகியவர் குப்பையைச் சங்கத்து இடத்தில் வைக்கலாகாது என்று தடுத்து, வழக்காடு மன்றம் வரை சென்ற பூசல்களும் நிகழ்ந்துள்ளன. பலகைக்கு மாற்றாகக் கைபேசியில் செய்தி அனுப்பும் ஊர்கள் பெருகி வருகின்றன. செய்தி விரைவில் சேருகிறது என்பது மெய்யே. ஆனால் கதவைத் தட்டும் கை அங்கே இல்லை.

புதிதாக வந்து குடியேறியோர் நிலையும் எண்ணத்தக்கது. 2024-ஆம் ஆண்டின் முடிவில் ஜப்பானில் வாழ்ந்த அயல்நாட்டார் 37 லட்சத்துக்கும் மேல். டோக்கியோவின் எதொகாவா வட்டத்தில் இந்தியர் பலரும் வாழ்கின்றனர். 1995 நிலநடுக்கத்தின்போது அறிவிப்புகளின் கடின நடை புரியாமல் அயல்நாட்டார் இடருற்றனர். அதன் பின்னரே 'எளிய ஜப்பானியம்' என்னும் முயற்சி தோன்றியது. 'உயர்நிலத்திற்கு வெளியேறுக' என்று எழுதாமல், 'உயரமான இடத்துக்கு ஓடுங்கள்' என்று எழுதுவது அதன் நெறி. அது சிறுவர்க்கும் முதியோர்க்கும் சேர்த்தே பயன் தருகிறது.

தளர்ச்சிக்கு நடுவே, நம் உழவர் அறிய வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அது ஷிகோகுத் தீவின் மலைகளுக்கிடையே, தொகுஷிமா மாகாணத்தில் உள்ள கமிகட்சு. மக்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு. 1981-இல் கடுங்குளிரால் அவ்வூரின் ஆரஞ்சு மரங்கள் பட்டுப் போயின. செய்வதறியாதிருந்த ஊரில், விவசாயக் கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர் ஒரு வழி கண்டார். ஜப்பானிய உணவு விடுதிகளில் தட்டை அழகு செய்ய இலையும் பூவும் வைப்பர். அவ்விலைகளை மலையில் பறித்து விற்கலாம் என்று 1986-இல் தொடங்கினார். பறிப்போர் பெரும்பாலும் முதிய பெண்டிர். இன்று எவ்விலை வேண்டும், எத்தனை பெட்டி வேண்டும் என்ற செய்தி விரைந்து வர வேண்டுமே! இடர்க்கால எச்சரிக்கைக்கென ஊராட்சி அமைத்திருந்த வானொலி இணைப்பின் வழியே தொலைநகல் அனுப்பி, எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் சந்தைச் செய்தியைத் தெரிவித்தனர். ஊராட்சியின் கருவி, கூட்டுறவின் செய்தி, முதியோரின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றாயின.

அவ்வூரே 2003-இல், எரிப்பதற்கும் புதைப்பதற்கும் குப்பையே இல்லாத நிலையை அடைவோம் என்று ஜப்பானில் முதன்முதலாக அறிவித்தது. அங்கே குப்பை வண்டி வருவதில்லை. மக்களே கொண்டு சென்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து வைக்கின்றனர். சமையற் கழிவு வீட்டிலேயே உரமாகிறது. நூற்றுக்கு எண்பது பங்கு மீண்டும் பயன்பாட்டுக்குச் செல்கின்றது. வண்டியில்லாத முதியோர் இல்லங்களுக்கு மட்டும் ஊராட்சியே சென்று எடுத்து வருகின்றது. எல்லாரும் உழைப்பதென்பது இயலாதவரையும் வருத்துவதன்று என்பதை அவ்வூரார் அறிந்துள்ளனர்.

நாம் கொள்ள வேண்டுவது

ஒரே பலகை 1940-இல் அச்சத்தைச் சுமந்தது. இன்று அக்கறையைச் சுமக்கின்றது. பலகை மாறவில்லை, அதனை வாங்கிக்கொள்ளும் கை தன்னுரிமை பெற்றது. அவ்வுரிமையோடு கூடவே வந்தது இன்றைய கவலையும். கட்டாயம் நீங்கியபின் அன்பும் பொறுப்பும் அவ்விடத்தை நிரப்பாவிடின், பலகை நடுவழியில் நின்றுவிடும். தனியே கிடக்கும் முதியவரின் கதவு தட்டப்படாமலே போகும்.

பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்னரே நெசவாளி மேலே நெய்கின்றார். விட்டுவிட்டால் துணி முழுதும் குறை தொடரும் என்பது அவர் அறிந்தது. சங்கத்தின் கூட்ட அறிவிப்பு எந்த உறுப்பினர் வீட்டுக்குச் சென்று சேரவில்லை, எந்த உறுப்பினர் சில மாதங்களாக வரவில்லை என்று பார்ப்பதும் அத்தகையதே. அறிவிப்பை ஒட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று எண்ணாமல், வராதவர் வீட்டு வாயிலுக்கு ஒருவர் சென்று வரட்டும். அவரைக் கட்டாயப்படுத்துவதற்கன்று, நலமா என்று கேட்பதற்கு.