பல்லூடகவழித் தொழுகைப் பயிற்சி

பல்லூடகவழித் தொழுகைப் பயிற்சி என்பது, இசுலாமியத் தொழுகையின் உடல்நிலைகளையும் ஓதல்களையும் ஒலி, அசைபடம், நிகழ்படம் ஆகியவற்றின் துணையுடன் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறையாகும். ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழுகைக்கு ஏவுமாறு நபிமொழி கூறுவதால், தொடக்கப்பள்ளிப் பருவமே இதற்குரிய காலமாகக் கொள்ளப்படுகிறது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களிலும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, மதரசாவில் உஸ்தாத் ஓதிக் காட்டப் பிள்ளைகள் திருப்பி ஓதுவதே மரபு. 2020 பொதுமுடக்கத்தின்போது பல இடங்களில் இப்பாடங்கள் கைப்பேசிக்கு மாறின.

ஒலி

பல்லூடகத்தின் பெரும்பயன் ஒலியிலேயே உள்ளது. ஸா, ஸீன், ஸாத் ஆகிய மூன்று அரபு எழுத்துகளையும் தமிழில் 'ஸ' என்றே எழுத நேர்கிறது. அடிநாவில் பிறக்கும் 'காஃப்' கொண்ட 'கல்ப்' இதயத்தைக் குறிக்கும். அதையே சாதாரண ககரத்தால் ஒலித்தால் நாய் என்று பொருள்படும். அரபு எழுத்துகளால் தமிழை எழுதிய அரபுத்தமிழில் இக்குழப்பம் இல்லை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட தொழுகை நூல்களில் உண்டு. ஐவேளைக் கடமைத் தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் ஏழு வசனங்கள் கொண்ட பாத்திஹா அத்தியாயம் இடம்பெறுவதால், சிறுவயதில் படிந்த பிழை நாள்தோறும் திரும்பத் திரும்ப உறுதிப்படும்.

காட்சி

திரையில் தோன்றும் உருவம் பார்ப்பவரை நோக்கி நின்றால், அதன் வலப்பக்கம் குழந்தைக்கு இடப்பக்கமாகும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பின்பற்றும் குழந்தை, வலக்கைமேல் இடக்கையைக் கட்டும்; முதல் சலாமை இடப்பக்கம் கூறும். உருவத்தைப் பின்புறமிருந்து காட்டுவதே எளிய தீர்வு. முகத்தை வரைவதை ஏற்காதோரின் தயக்கமும் இதனால் நீங்குகிறது.

மத்ஹபு வேறுபாடு

தமிழக முசுலிம்களில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும், மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபையும் பின்பற்றுவோர். ஹனஃபி ஆண்கள் தொப்புளுக்குக் கீழே கைகட்டுவர்; ஷாஃபியினர் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே கட்டுவர்; ருகூவுக்குச் செல்லும்போதும் எழும்போதும் கைகளை உயர்த்துவர். நிகழ்படம் ஒன்றைக் காட்ட, வீட்டில் பாட்டனார் வேறுவிதமாகத் தொழுதால், யார் தவறு என்று பிள்ளை கேட்கும். இருவர் தொழுகையும் அவரவர் மத்ஹபின்படி சரியே. எந்த மத்ஹபின்படி அமைந்தது என்பதைப் பாடத்தின் முதற்காட்சியிலேயே குறிப்பிடாதது பெருங்குறை.

பள்ளிகளில்

மலேசியாவில் 2005இல் தொடங்கிய ஜே-காஃப் திட்டம், தொடக்கப்பள்ளிகளில் குர்ஆன், அரபு ஆகியவற்றோடு தொழுகையையும் கற்பிக்கிறது. அதில் தொழுகைக்கென்றே செய்முறை முகாம் உண்டு. ஒளுச் செய்தபின் குதிகால் நனையாதிருப்பதை நிகழ்படம் கண்டறியாது. அருகில் நிற்கும் ஆசிரியர் கண்டறிவார்.

வடிவம்

ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 திசம்பர் 31 அன்று முடிவுற்றதால், அவ்வடிவில் அமைந்த பாடங்கள் இன்றைய உலாவிகளில் நேரடியாக இயங்குவதில்லை. அக்காலத்து இறுவட்டுகளில் தனிக்கோப்புகளாக இருந்த எம்பி3 ஒலிப்பதிவுகளை இன்றும் கேட்கலாம்.