ஆற்று மீனும் பாதரச நஞ்சும்

ஆற்றில் விழும் அழுக்கை ஆறே அடித்துச் சென்றுவிடும் என்பது பலரது எண்ணம். நஞ்சேயாயினும் பெருவெள்ளத்திற் கரைந்து வலியிழந்துபோம் என்றும் கருதுவர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடைத்தென்பதை ஜப்பான் தேசத்து அகானோ ஆறு உலகிற்குக் காட்டிற்று.

நீகாட்டா மாகாணத்தில் இவ்வாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்த ஊர்களிலே, மீன்பிடித்து வாழ்வோர் சிலர் கைகால் மரத்தும், நடை தள்ளாடியும், பார்வை சுருங்கியும், நாக்குழறியும் வருந்தலாயினர். இந்நோய் மீனுணவாற் புகுந்த பாதரச நஞ்சின் விளைவென்பது 1965-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நஞ்சு பிறந்த இடமோ, ஆற்றின் மேற்பாகத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கனோசே என்னும் ஊரின் தொழிற்சாலை. ஆங்கு அசிட்டால்டிஹைடு என்னும் இரசாயனப் பொருளைச் செய்யப் பாதரசம் பயன்பட்டது. அதனின்று விளைந்த மெதில் பாதரசம் கழிவோடு ஆற்றிற் சேர்ந்தது.

கரைந்த நஞ்சு கொல்லும் அளவினதாய்த் திரண்டது எங்ஙனம்? நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை ஏற்கின்றன. அவற்றைப் புழுபூச்சிகளும், இவற்றைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்கின்றன. புகுந்த நஞ்சு மெல்ல மெல்லவே நீங்குமாதலின், ஒவ்வொரு படியிலும் அது பெருகுகின்றது. காட்மியம், காரீயம் முதலியன பெரிதும் மீனின் ஈரல், சிறுநீரகம், எலும்பு இவற்றிலே தங்கும். அவற்றை நீக்கி உண்டால் தீங்கு குறையும். மெதில் பாதரசமோ நாம் உண்ணும் தசையிலேயே உறைவது. கழுவினும் பொரிப்பினும் அகலாது. நிறத்தானும் மணத்தானும் தோன்றாது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வாரத்திற்கு ஏறத்தாழ 96 மைக்ரோகிராம் மெதில் பாதரசம் வரையிற் கொள்ளலாமென்பது, உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு 2003-இல் வகுத்த அளவாற் பெறப்படும். ஒரு கிலோ மீனில் 0.5 மில்லிகிராம் உளதெனக் கொள்வோமாயின், வாரத்திற்கு 190 கிராம் மீனே அவ்வளவை நிரப்பிவிடும். நாடோறும் தாம் பிடித்த மீனையே உண்ணும் ஏழைக் குடும்பத்தார் நிலை யாதாகும்? தாய்க்கு நோய்க்குறி தோன்றாதபோதும் கருவிலுள்ள மகவின் மூளை கேடுறலாம்.

இதுகொண்டு மீனுணவையே வெறுத்தல் வேண்டா, அது நல்லுணவே. மாசுற்ற ஆற்றின் மீனை விலக்குதலும், பிற மீனை உண்டு பருத்த முதுமீனைக் குறைத்தலும், கருவுற்ற மகளிர் இவ்விடயத்தில் மிக்க கவனம் கொள்ளுதலுமே தக்கன.

நாம் மறவாதிருக்க வேண்டியது மற்றொன்றுண்டு. மினமாட்டாக் கடற்கரையிற் கண்ட இதே நோய்க்குக் கரிமப் பாதரசமே காரணமெனக் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் 1959-லேயே அறிவித்திருந்தனர். அறிவு முன்னரே இருந்தது, கழிவைத் தடுப்பாரில்லை. அகானோ நோயாளருக்கு 1971-இல் நீதிமன்றத்தில் வெற்றி கிட்டிற்று. எனினும் இழந்த உடல்நலம் மீளவில்லை. மீனைச் சோதித்தல் பிந்திய காவல். கழிவை ஆற்றில் விடாமையே முந்திய கடமை.