சிக்ஸர் அடித்தாலும் அவுட்!

மினியாபோலிஸ் நகரத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் லூயிஸ் ரோபர் என்ற அதிகாரிக்கு 1895-ல் ஒரு கவலை. மணி அடித்தால் தலைதெறிக்க ஓட வேண்டிய ஆட்கள், அடிக்காத நேரத்தில் சும்மா உட்கார்ந்து உடம்பை வளர்க்கிறார்களே! பக்கத்துக் காலி மனையில் சின்னதாக ஒரு மைதானம் போட்டு, பந்தையும் மட்டையையும் கொடுத்து இறக்கிவிட்டார். மற்ற நிலையத்துக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இதற்கு எட்டு வருடம் முன்பே சிகாகோவில், ஒரு படகு கிளப்பின் கூடத்துக்குள் பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியிருக்கிறார்கள். இருந்தாலும், ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்ற குணம் இந்த ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது அந்தத் தீயணைப்பு வீரர்களால்தான் என்பேன். பேஸ்பாலின் தம்பியான இதற்கு ‘சாஃப்ட்பால்’ என்ற பெயர் வந்ததெல்லாம் 1926-ல்.

இன்று அமெரிக்காவில் கோடை வந்தால் வங்கி, மருத்துவமனை, பத்திரிகை அலுவலகம் என்று ஆளுக்கொரு அணி கிளம்பிவிடும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பிராட்வே நாடகக் குழுக்களுக்கென்றே ஒரு லீக் உண்டு. மேடையில் கைதட்டல் வாங்கும் நடிகரும், திரைக்குப் பின்னால் விளக்கு தூக்குபவரும் அங்கே ஒரே டி-ஷர்ட்டில் நிற்பார்கள்.

அலுவலக அணிகள் ஆடுவது பெரும்பாலும் ‘ஸ்லோ பிட்ச்’. பக்கத்துக்குப் பத்துப் பேர், ஏழு இன்னிங்ஸ். பந்தைக் கீழ்க்கையாக வீச வேண்டும். அது எழும்பி, வளைந்து, மெதுவாக இறங்க வேண்டும். பள்ளிக்கூடத்தோடு விளையாட்டை மூட்டை கட்டிய கணக்குப் பிரிவுக்காரர்கூட மட்டையில் தொட்டுவிடலாம். நம்மூர் கிரிக்கெட் கை என்றால் அடிப்பதில் சிரமமே இருக்காது. அடித்ததும் மட்டையைக் கீழே போடாமல், பழக்க தோஷத்தில் அதையும் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வேடிக்கை.

இதன் விதிகளைப் படித்தால் ஒன்று புரியும். அவற்றில் பல, பலசாலியைக் கட்டிப்போட எழுதியவை. பல லீக்குகளில் ஒரு அணி இத்தனை ஹோம்ரன்தான் (நம்மூர் சிக்ஸர் மாதிரி) அடிக்கலாம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டி வேலிக்கு வெளியே அனுப்பினால் ரன் கிடையாது, அவுட்! கணக்கு எக்கச்சக்கமாக ஒருபக்கம் சாய்ந்தால் ஆட்டத்தை அத்தோடு முடித்துவிடுவார்கள். அடித்தவர் ஓடிப்போய் முதலில் தொட வேண்டிய இடமான முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என்று இரண்டு பாதி வைத்திருக்கும் மைதானங்கள் உண்டு. பந்தைப் பிடிப்பவர் வெள்ளையை மிதிக்கட்டும், ஓடி வருபவர் ஆரஞ்சை மிதிக்கட்டும், இருவரும் முட்டிக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் ஆயிற்றே!

ஆனால் எந்த விதிக்கும் டிமிக்கி கொடுக்கும் ஆசாமி ஒருவர் உண்டு. கல்லூரி அணியில் ஆடிய மச்சானை ‘எங்க கம்பெனிதான்’ என்று சொல்லி இறக்குபவர். ஊழியர் மட்டுமே ஆடலாம் என்று லீக்குகள் பட்டியல் கேட்பது இதனால்தான். பந்தைக் கோட்டைவிடுகிற ஆளால் எந்த அலுவலக அணியும் கெட்டதில்லை; வெளியாளைக் கொண்டுவந்து ஜெயித்த அணியில், வருடம் முழுக்க வந்து நின்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கோப்பையை ரிசப்ஷனில் வைத்து என்ன பயன்?

வீம்பும் இந்த ஆட்டத்தில் உண்டு. சிகாகோவில் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை வெறுங்கையால் பிடிப்பதுதான் மரபு. பொருளாதார மந்தக் காலத்தில் கிளவுஸ் வாங்கக் காசில்லாதவர்களும் ஆட முடிந்ததால் ஊன்றிய பழக்கம் என்பார்கள். விரல் கோணிப்போனவர்கள் அதைப் பதக்கம் மாதிரி காட்டுவார்கள். ஒரு பூங்கா லீக்கில் கிளவுஸை அனுமதித்தபோது, பத்திரிகைப் பத்தியாளர் மைக் ராய்கோ 1977-ல் வழக்கே போட்டார்.

வீம்பை ஓரங்கட்டும் ஆட்டமும் உண்டு. வாஷிங்டனில் 2009 முதல் அமெரிக்க நாடாளுமன்றப் பெண் உறுப்பினர்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். சபையில் எதிரெதிர் பக்கம் உட்காரும் இரு கட்சியினரும் மைதானத்தில் ஒரே அணி. எதிரணி பெண் பத்திரிகையாளர்கள். திரளும் பணம் மார்பகப் புற்றுநோய் கண்ட இளம்பெண்களுக்கான உதவிக்குப் போகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கலப்பு அணிகளின் விதி. ஐந்து ஆண், ஐந்து பெண். ஆண், பெண் என்று மாறி மாறித்தான் மட்டை பிடிக்க வேண்டும். நான்கு பந்து தப்பாக வீசினால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். நன்றாக அடிக்கும் ஆணை வேண்டுமென்றே இப்படி அனுப்பிவிட்டு, அடுத்து வரும் பெண்ணைச் சுலபமாக அவுட்டாக்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாதல்லவா? அதனால் பல லீக்குகளில் அந்த ஆணுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பேஸ் இனாம்.

நம் ஐ.டி. வளாகங்களிலும் கம்பெனிக் கிரிக்கெட் ஜோராக நடக்கிறது. பெரும்பாலும் ஆடுவது ஆண்கள், கைதட்டுவது பெண்கள். அடுத்த போட்டிக்கு அணிப் பட்டியல் போடும் எச்.ஆர். நண்பர்களே, அந்த ஐந்துக்கு ஐந்து கணக்கை ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்.