கற்றது நிற்பது எவ்வாறு?

பரீட்சைக்கு முதல்நாள் இரவெல்லாம் விழித்திருந்து படித்த பாடம், பரீட்சை முடிந்த மறு கிழமையே எங்குச் சென்றொளித்தது என வியவாத பழைய மாணவர் எவரும் இரார். அது மடியின் பயனென்றோ மந்த புத்தியின் பயனென்றோ பெற்றார் கருதினர். யாமும் அவ்வாறே நம்பி நாணினோம். அந்நாணம் வேண்டாததென்பதை இப்போது அறிகின்றோம்.

ஜேர்மனியரான ஏர்மன் எபிங்கௌஸ் என்பார் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனனஞ் செய்து, தாம் மறந்தவாற்றை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறந்த வரிசையை மீண்டும் கற்கையில் எவ்வளவு உழைப்பு மிஞ்சுகின்றதோ, அதுவே எஞ்சி நின்ற நினைவின் அளவென அவர் கொண்டார். அவ்வாறு எஞ்சியது ஒரு மணி நேரத்தின் பின் நூற்றுக்கு 44. ஒரு நாளின் பின் 34. ஒரு மாதத்தின் பின்னும் 21. மறதி முதலில் விரைந்தோடிப் பின்னர் மெல்ல நடப்பதொன்று என்பது இதனாற் புலனாகும். அவர் கண்ட வேறோர் உண்மை மாணவர்க்கு இன்னும் பெரிது. முதல்நாள் ஒன்றிலேயே 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே விளைந்தது! பொருளுடைய செய்யுளைக் கற்பதற்கோ, பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே போதுமாயிற்று. யாழ்ப்பாணத்து மன்னர் காலத்துப் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல் செய்யுளாய் அமைந்தமையின் வசதி இதனால் விளங்கும்.

இது மனிதர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. நத்தையினத்தைச் சேர்ந்த கடல்முயல் என்னும் பிராணியை அமெரிக்காவில் எரிக் கண்டெல் என்பார் பல்லாண்டு ஆராய்ந்தார். அதற்குள்ள நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 20,000 மாத்திரமே. அதன் வாலில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால், பின்னர் மெல்லத் தொட்டாலும் செவுளை வெடுக்கெனச் சுருக்கிக் கொள்ளும். ஆயினும் அந்நினைவு சில நிமிடங்களில் அழியும். அதிர்ச்சியை இடைவிட்டுப் பலமுறை கொடுப்பின் நாட்கணக்காக நிலைக்கும். குறுகிய நினைவு ஏற்கெனவே உள்ள நரம்பிணைப்புகளின் வலிமை மாறுவதால் அமைவது. நெடிய நினைவுக்கோ கலத்தின் கருவிலுள்ள பரம்பரை அலகுகள் தொழிற்பட்டுப் புதுப் புரதம் ஆக்கப்படல் வேண்டும். புதிய இணைப்புகளும் முளைத்தல் வேண்டும். முளைப்பதற்குக் காலம் வேண்டுமன்றோ? ஒரே இரவில் குடங்குடமாய் நீரூற்றினும் புகையிலைக் கன்று அவ்விரவிலேயே வளர்ந்து விடாது. கண்டெல் 2000ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றார்.

இனி நன்னூலுக்கு வருவோம். ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்ட அந்நூலைப் பதினாறு வயதில் மனனஞ் செய்த எமக்கு, அதன் பாயிரம் வீண்பாரமாகவே தோன்றிற்று. பவணந்தியார் அங்கே ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இது பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கணக்கு, அளந்து கண்டதன்று. எனினும், மனத்திலிருந்து எடுத்துரைப்பதே கற்றதை நிறுத்தும் என்னும் கருத்தை இக்காலச் சோதனைகளும் உடன்படுகின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் றோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு தவணைகளிலும் படித்தனர். மற்றொரு பகுதியினர் ஒரு தவணை படித்து, மூன்று தவணைகளில் புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் வினவியபோது முன்னவரே வென்றனர்; நூற்றுக்கு 83, பின்னவர்க்கு 71. ஒரு கிழமை கழிந்தபோதோ முன்னவர்க்கு எஞ்சியது 40, பின்னவர்க்கு 61. படித்தவுடன் தோன்றும் தெளிவே மாணவரை ஏமாற்றுகின்றது. அச்சிட்ட குறிப்புகளை வழங்கும் ரியூட்டரிகள் பெருகியதற்கும் அத்தெளிவின் சுகமே ஒரு காரணம் என எண்ணுகின்றோம்.

1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பெருந் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு எரித்த விளக்கொன்றைச் சுற்றி நால்வர் இருந்து படித்தோம். கொப்பி ஒன்றே, ஒளியும் ஒருவர் கண்ணுக்கே போதும். எனவே ஒருவர் வாசிக்க மூவர் கேட்போம். பின்னர் விளக்கை அணைத்து, எண்ணெயை மிச்சம் பிடித்து, இருளிலே முறைவைத்து ஒருவருக்கொருவர் விளக்குவோம். அதனை வறுமையின் கொடுமையென்றே அன்று நொந்தோம். எம் முறையில் வந்தது இரசாயனத்தில் சமநிலைத் தத்துவம். அதனை இன்றும் எந்நேரத்தில் வினவினும் கூறுவோம். நண்பர் முறையில் வந்த அசேதன இரசாயனத்தை அவரிடந்தான் வினவுதல் வேண்டும்.