ரப்பர் விலையும் நம் ஜில்லாவும்

குலசேகரத்து மலைச்சரிவில் விடியுமுன் வெட்டுகிற ரப்பர் பாலுக்கு விலை சொல்லுகிறவர் யார்? பாங்காக், கோலாலம்பூர் சந்தைக்காரர்கள்! 2011-ஆம் வருஷம் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. நம் மரமும் மண்ணும் மாறவில்லை. சீனாவில் தேவை தளர்ந்தது, கச்சா எண்ணெயோடு செயற்கை ரப்பரும் மலிந்தது. 2015-இல் சர்க்கார் இறக்குமதித் தீர்வையை 25 சதவீதமாக உயர்த்தியும் சரிவு நிற்கவில்லை. வெட்டுக்கூலிக்கே கட்டாததால் பலர் பால்வெட்டை நிறுத்தினர். தொழிலாளி வீட்டு அடுப்பு தணிந்தது.

பிரேஸிலிலிருந்து வந்த மரத்தை வைத்துக்கொண்டு உலகச் சந்தையை வெறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ரப்பர் மலியும்போது லாபமடைபவர் அதைச் சரக்காக்குகிறவரே. ஆகவே, ஷீட்டை லாரியேற்றி அனுப்புவதோடு நில்லாமல், கூட்டுறவு முறையில் நாம் இங்கேயே ரப்பர்ச் சாமான்கள் செய்வோமாக. நஷ்டத்தில் ஒரு பங்காவது லாபமாக நம்மிடம் திரும்பும்.